கழற்றி மாட்டும் பவர் கார்டு: கிரைண்டருக்கும் கட்டருக்கும் எது சரிப்படும்?

கையில் பிடித்து இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் பயன்படும் ஆங்கிள் கிரைண்டர் விட்டு விட்டு ஓடினால் மோட்டாரைச் சந்தேகப்படுவதற்கு முன் வயரைப் பாருங்கள். கைப்பிடிக்குள் வயர் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் குழல் இருக்குமே, அதன் வாயில்தான் பெரும்பாலும் வியாதி. வெளியே உறை பளபளவென்று நன்றாக இருக்கும். உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்து, மிச்சமிருக்கும் நாலைந்து இழையில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மிஷின் ஓடும், விட்டால் நிற்கும். கடையில் அரை அடி வெட்டிவிட்டு மறுபடி மாட்டித் தருவார்கள். இப்படியே வெட்டி வெட்டி, இரண்டு மீட்டர் வயர் ஒரு மீட்டருக்கு வந்துவிட்ட மிஷின்களை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

அதனால்தான் வயரைக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டால் என்ன என்ற யோசனை வருகிறது. ஒரே நல்ல கார்டை நாலு மிஷினுக்கு மாற்றி மாற்றிப் போடலாம், பெட்டியில் வைக்கும்போது வயர் சிக்காது, வயர் போனால் மிஷினைத் திறக்காமலே மாற்றலாம். யோசனை நல்லதுதான். எதை வைத்துச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது கம்ப்யூட்டர் கார்டு. மிஷின் உடம்பில் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டர் பின்னால் இருக்கும் அந்த மூன்று பின் சாக்கெட்டை (சி14) பொருத்திவிட்டால், வீட்டில் கிடக்கும் எந்த கார்டையும் (சி13) செருகிக்கொள்ளலாம். செலவும் குறைவு. ஐ.இ.சி 60320 என்ற சர்வதேசத் தரப்படி இது 10 ஆம்பியர், 250 வோல்ட் வரை தாங்கும். 850 வாட் நாலு இஞ்ச் கிரைண்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 4 ஆம்பியருக்கும் குறைவு. கணக்கு இடிக்கவில்லை.

ஆனாலும் கிரைண்டரில் இதைப் போடவே கூடாது என்பேன். மேசை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாதனத்துக்காக வந்த பிளக் இது. பூட்டு எதுவும் இல்லை, உராய்வில்தான் பிடித்து நிற்கிறது. கிரைண்டரின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நழுவினால் பின்னில் பொறி, பொறியால் சூடு, சூட்டால் பிடி இன்னும் தளர்வு. அப்புறம் தூசி. ஒரு மதியம் முழுக்க இரும்புக் குழாய் அறுத்துவிட்டு அந்த சாக்கெட் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று பின்னுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று இரும்புப் பொடி மூலையெல்லாம் ஒட்டியிருக்கும். மின்சாரம் கடத்தும் பொடி அது. கை வியர்வையின் ஈரமும் சேர்ந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பாதை போட அதுவே போதும்.

இன்னொன்று, பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும் மிஷின்கள். அவை இரட்டைக் காப்பு (டபுள் இன்சுலேஷன்) உள்ளவை, எர்த் கிடையாது. பிளாஸ்டிக் உடம்பே அங்கே பாதுகாப்பின் ஒரு பகுதி. அதை அறுத்து சாக்கெட் பதித்தால், கம்பெனி சோதித்துப் பார்த்த ஏற்பாட்டை நாமே உடைக்கிறோம். வாரண்டி போவது இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

14 இஞ்ச் கட்டிங் மிஷினுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 2200 வாட் என்றால் ஓடும்போதே ஏறக்குறைய 10 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. வீட்டில் கிடக்கும் கம்ப்யூட்டர் கார்டில் பல 0.75 சதுர மி.மீ. மெல்லிய வயர்தான். 16 ஆம்பியர் தாங்கும் பெரிய வகை (சி19, சி20) இருக்கிறது, ஆனால் அதிலும் உராய்வுப் பிடிதான், அதே தூசிக்குழிதான். பூட்டு வைத்த சி13 கார்டும் விற்கிறார்கள். நழுவாது, சரி. ஓட்டையும் தூசியும் அப்படியேதான் இருக்கும். தூசி குறைவான இடத்தில் மேசையோடு நிற்கும் சின்ன மிஷினுக்கு வேண்டுமானால் சி14 பொருந்தும், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வால் முறை. உடம்பில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய ரப்பர் குழலும் உள்ளே இருக்கும் கிளாம்பும் அப்படியே இருக்க, ஒரு அடி நீளத்துக்கு நல்ல ரப்பர் கேபிளை மட்டும் வெளியே விட்டு, அதன் நுனியில் இணைப்பை வைப்பது. ஒரு அடிக்குக் குறைந்தால் இணைப்பு மணிக்கட்டில் இடிக்கும். இரண்டடிக்கு மேல் போனால் தரையில் இழுபடும், தண்ணீரில் கிடக்கும். பி.வி.சி. வயர் வேண்டாம், தீப்பொறி பட்ட இடத்தில் உருகிவிடும்.

வாலின் நுனியில் சாதாரண 16 ஆம்பியர் த்ரீ பின் டாப் போட்டால், எந்த சைட்டுக்குப் போனாலும் 16 ஆம்பியர் சாக்கெட் உள்ள எந்த எக்ஸ்டென்ஷனிலும் செருகலாம். இந்த வசதியை லேசாக நினைக்கக் கூடாது. ஆனால் இழுத்தால் கழன்றுவிடும். கழலாமல் இருக்க இரண்டு வயரையும் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுகிற வளைவில் இழைகள் மறுபடி அறுபடும். நாம் தப்பிக்க நினைத்த வியாதியே ஒரு அடி தள்ளி வந்து நிற்கும்.

ஆகவே பூட்டும் இணைப்பு. இதில் இரண்டு வகையைத்தான் பொருட்படுத்துகிறேன். ஒன்று, நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், ஐ.இ.சி 60309, 16 ஆம்பியர். முரட்டுச் சாமான். சாக்கெட் மூடியின் கொக்கி பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். கட்டிங் மிஷினுக்கும் ஏழு இஞ்ச், ஒன்பது இஞ்ச் கிரைண்டருக்கும் இது. நாலு இஞ்சில் தொங்கவிட்டால் கை வலிக்கும்.

மற்றது நியூட்ரிக் கம்பெனியின் பவர்கான். மேடை விளக்கும் ஒலி சாதனமும் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சாமான், செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய நீல பவர்கான் 20 ஆம்பியர் என்று இருக்கும், ஆனால் லோடு ஓடும்போது கழற்றவோ செருகவோ அது செய்யப்பட்டதல்ல. மிஷின் வேலையில் ஓட்டத்தில் கழற்றுவது சாதாரணமாக நடக்கும். அதனால் ட்ரூ-1 வகைதான் வேண்டும். 16 ஆம்பியர், லோடில் கழற்றலாம், மாட்டிய நிலையில் தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் போகாது, வயரோடு வயர் இணைக்கும் ஆண் பெண் ஜோடியும் உண்டு. நாலு இஞ்ச் கிரைண்டர், மார்பிள் கட்டர், டிரில் எல்லாவற்றுக்கும் என் தேர்வு இதுதான். விலை உறுத்தும், அதற்காக அதே அச்சில் வரும் மலிவு நகலை வாங்காதீர்கள்.

கம்பெனியே செய்து தருவதும் உண்டு. ஃபெஸ்டூலின் பிளக்-இட், மில்வாக்கியின் குவிக்-லாக் இரண்டும் திருகிப் பூட்டுபவை. உடம்பை வடிவமைக்கும்போதே இடம் விட்டுச் செய்ததால் ஓட்டை, காப்பு என்ற கவலை இல்லை. ஃபெஸ்டூலில் சாண்டர், ஜிக்சா, ரூட்டர் என்று ஒரே கார்டை மாற்றி மாட்டிக்கொண்டே போகலாம். வேலைத்தரத்தில் இதற்கு மேல் இல்லை. ஆனால் ஒரு கம்பெனி கார்டு இன்னொரு மிஷினில் ஏறாது, சைட்டில் தொலைந்தால் அன்றைய வேலை நின்றது. கையில் இருக்கும் மிஷினுக்கும் இது உதவாது.

எதைப் போட்டாலும் பின் உள்ள ஆண் பக்கம் மிஷினில், துளை உள்ள பெண் பக்கம் கரண்ட் வரும் கார்டில். மாற்றி மாட்டினால் கழற்றிய நுனியில் கரண்ட் உள்ள பின் வெளியே நிற்கும், தொட்டவர் கதி அவ்வளவுதான். சுவிட்சையும் பாருங்கள். லாக் ஆகும் சுவிட்ச் உள்ள கிரைண்டரில் கார்டு கழன்று மிஷின் நின்றால், சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். திரும்ப மாட்டிய கணத்தில் மடியில் கிடக்கும் வீல் சுழலும். மாட்டுவதற்கு முன் சுவிட்சை ஆஃப் செய்வது கைப்பழக்கமாக வேண்டும்.

பொது கார்டு மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி), 1.5 சதுர மி.மீ. ஆக இருக்கட்டும். இரண்டு கோர் மிஷினுக்கு எர்த் தேவையில்லைதான், ஆனால் அதே கார்டு நாளைக்கு இரும்பு உடம்பு மிஷினுக்கும் போகும். 20 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் இழுத்தால் 1.5-ல் சுமார் 5 வோல்ட் விழும், 0.75-ல் 10 வோல்ட்டுக்கு மேல். எல்லாம் மாட்டி முடித்ததும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் பத்து நிமிடம் லோடில் ஓட்டுங்கள். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உள்ளே ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை, அல்லது இழைகளில் சில வெளியே நிற்கின்றன. திறந்து, நுனியை வெட்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள்.