பச்சைத் தண்ணீருக்கு யூவி விளக்கு: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

சென்னை கொளத்தூரில் வாங்கிய 9 வாட் யூவி (புற ஊதா ஒளி) விளக்கு ஒன்று மூன்று வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டு மீன் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன பம்பும் விளக்கும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய, தண்ணீருக்குள்ளேயே ஒட்டி வைக்கிற ரகம். தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஏறக்குறைய 120 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒரண்டா கோல்ட் ஃபிஷ். பால்கனிக் கதவு வழியாகக் காலை வெயில் சாய்வாக வந்து விழுகிற இடம், தொட்டியை நகர்த்த வீட்டில் வேறு மூலையும் கிடையாது. வெயிலும் இருக்கிறது, ஓயாமல் தின்று கழிக்கிற மீனும் இருக்கிறது, பாசிக்கு வேறென்ன வேண்டும்?

விளக்கு வருவதற்கு முன் தண்ணீர் கீரை வேகவைத்தது மாதிரி இருக்கும். மீன் கண்ணாடியை உரசிக்கொண்டு வந்தால்தான் உள்ளே மீன் இருப்பதே தெரியும். பாதித் தண்ணீரை மாற்றினால் அன்றைக்குக் கொஞ்சம் வெளுக்கும், ஓரிரு நாளில் பழைய கதைதான். இது மிதக்கிற ஒற்றைச் செல் பாசி, ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவுதான் என்பதால் ஃபில்டர் ஸ்பாஞ்சில் நிற்காமல் நழுவிவிடும், மிச்சம் இருப்பது மளமளவென்று பெருகிவிடும். படிகாரம் போடு, தேற்றாங்கொட்டை உரசு என்று வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சேற்றுக் கலங்கலுக்குச் சரி. ஆனால் படிகாரம் தண்ணீரின் பிஹெச்சை (அமில, காரத் தன்மையின் அளவை) இறக்கிவிடும், மீன் இருக்கிற தொட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் இந்த விளக்கு வேலை செய்யும். வெள்ளையாக மங்கியிருந்தால் பெரும்பாலும் அது பாக்டீரியா. புதுத் தொட்டி என்றால் தானே அடங்கும், காசைச் செலவழிக்காதீர்கள்.

பலன் என்று பார்த்தால், முதல் ஓரிரு நாள் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பின்பக்கக் கண்ணாடியின் ஓரம் லேசாகத் தெரிய ஆரம்பித்தது, ஒரு வாரத்துக்குள் மீனின் செதிலை எண்ணலாம் போல ஆகிவிட்டது. 254 நானோமீட்டர் அலைநீள ஒளி பாசியின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது, அது பெருக முடியாமல் செத்துப்போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். தண்ணீர் விளக்கைத் தாண்டி மெதுவாகப் போக வேண்டும், அதனால் பம்பைக் குறைத்தே வையுங்கள். அந்த வாரத்தில் ஏர் பம்பை மட்டும் நிறுத்தவே கூடாது, சாகிற பாசி மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்துவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவை ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை, விளக்குப் பக்கமே வராது.

கண்ணாடியில், கல்லில் ஒட்டியிருக்கிற பாசியை இது ஒன்றும் செய்யாது, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மீனுக்கு மருந்து போடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், சில மருந்துகளை யூவி சிதைத்துவிடும்.

நாள்பட்ட பிறகுதான் இதன் குணம் புரிந்தது. ஒரு வருடம் போல ஆனதும் தண்ணீரில் மறுபடி இளம்பச்சை. விளக்கோ ஜம்மென்று நீலமாக எரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற அந்த நீலத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இந்த பல்புகளின் யூவி 8000 முதல் 9000 மணி நேரத்தில் நன்றாகவே குறைந்துவிடும், ஆனால் எரிவது எரிந்துகொண்டே இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினால் அது ஒரு வருடக் கணக்கு, பிறகு பல்பை மாற்றிவிட வேண்டும். இன்னொரு வில்லன் எங்கள் போர் தண்ணீர். கூட்டைக் கழற்றினால் உள்ளே பல்பை மூடியிருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயின் மேல் சொரசொரவென்று வெள்ளை உப்பு படிந்திருக்கும், நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். ஒளி அதைத் தாண்டி எங்கே போகும்? வினிகரில் ஊறவைத்து மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறவுங்கள், எரிகிற பல்பை நேராகப் பார்க்கவே கூடாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

முழு நேரம் ஓட்டினால் மாதம் ஆறரை யூனிட் ஆகும். இப்போது டைமர் போட்டு தினம் நாலு மணி நேரம்தான் ஓட்டுகிறேன், மாதம் ஒரு யூனிட் சொச்சம். ஆனால் கூடவே வெயில் பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன், தொட்டிக்கு வெளிச்சம் தருகிற சாதாரண விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறைத்தேன், மணி பிளான்ட் கொடியின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டேன். மீன் கழிவிலிருந்து வந்து பாசிக்குத் தீனியாகிற நைட்ரேட்டை வேர் உறிஞ்சும், மீன் அதைக் கொஞ்சம் கடிக்கவும் செய்கிறது, போகட்டும். இதையெல்லாம் செய்யாமல் யூவி விளக்கை மட்டும் நம்பினால் அது அணைந்த வாரமே பச்சை திரும்பிவிடும்.

வாங்குவதாக இருந்தால் பல்பு தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். ஜி23 என்கிற இரண்டு பின் அடிப்பாகம் உள்ள 9 வாட் யூவி பல்பு என்றால் தேடினால் கிடைக்கும். பல்பு கூட்டோடு ஒட்டியே வருகிற மலிவு ரகத்தில் பல்பு போனால் மொத்தமும் குப்பைதான்.