ஷட்டரைத் திறந்து வைத்து சிக்னல் காட்டினார்கள், 48,000 போச்சு

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று நேற்று ராத்திரி ஒரு குறுஞ்செய்தி வந்தது. எதுவுமே தீரவில்லை. 48,000 போனது போனதுதான். இந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தகர ஷெட்டிலோ இரும்புத் தகடு அடித்த கட்டடத்திலோ போனில் சிக்னல் கிடைக்காமல் அல்லாடுகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஒரு வாடகை ஷெட்டில் மரவேலை செய்கிறான். நாலு பக்கமும் தகடு, மேலேயும் தகடு, முன்னால் இரும்பு ஷட்டர். கணக்கும் ஆர்டரும் என் பொறுப்பு. அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் மெஷினைப் போடுவான். ஷட்டர் இறங்கியதும் போன் செத்துவிடும். ஒரு நாள் ரம்பத்தில் விரல் பட்டுவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்கி, ரோட்டுக்கு வந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். மூணு தையல். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கூரையில் கம்பம் நடக் கூடாது, தகட்டில் ஓட்டை போடக் கூடாது என்று ஷெட் ஓனர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் "வெளியே தெரியாத ஆன்டெனா, உலோகக் கட்டடங்களுக்கென்றே செய்தது" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாரும் பொருள் வாங்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் கடை வைத்திருக்கிற, சிக்னல் சாமான் மட்டும் விற்கிற ஆள். பெயர் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவே இருக்காது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

நான் ஏமாந்த இடம் இதுதான், நன்றாகக் கவனியுங்கள். அந்த ஆள் உடனே விலை சொல்லவில்லை. கேள்வி கேட்டார். ஷெட் எத்தனை அடி, கூரை எவ்வளவு உயரம், உள்ளே தடுப்பு இருக்கிறதா, டவர் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போட்டோ அனுப்பச் சொன்னார். அண்ணன் விரலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிஸ்டர், காசை விடுங்க, மொதல்ல உங்க அண்ணன் சேஃப்டி முக்கியம்" என்றார். அதுவரை மேடம், அந்த நிமிஷத்திலிருந்து சிஸ்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கஷ்டம் தெரிந்த மனுஷன் என்று நம்பினேன். தளத்தின் வழியாக 20,000 கட்டினேன். மீதி 28,000-ஐ நேரடியாக அனுப்பினால் மாட்டிக் கொடுக்கும் கூலி இலவசம் என்றார். அதையும் அனுப்பினேன். மொத்தம் 48,000.

ரெண்டு பையன்கள் வந்தார்கள். சுறுசுறுப்பாகத்தான் வேலை பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வைக்க வேண்டிய ஆன்டெனாவைக் கூரை விளிம்பில் தண்ணீர் வடியும் தகரப் பட்டிக்கு உள்பக்கமாகச் சொருகினார்கள். "பாருங்க, யாருக்குமே தெரியாது" என்றான் ஒருத்தன். எனக்கும் சந்தோஷம், ஓனர் சத்தம் போட மாட்டார் என்று. உள்ளே வட்டமாக வெள்ளைத் தட்டு ஒன்று, அதுதான் உள் ஆன்டெனா. நடுவில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கேட்டதற்கு, ஃபுல் பவரில் ஓடினால் அப்படித்தான் எரியும் என்றான். அப்புறம் அவன் போனைத் தூக்கிக் காட்டினான், நாலு கோடு. என் போனிலும் நாலு கோடு. அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரமும் ஷட்டர் திறந்தே கிடந்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் ஷட்டரை இறக்கினான், போன் செத்தது. பழைய கதை.

அடுத்த பத்து நாள் நான் வாங்கிய பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "டவர்ல மெயின்டனன்ஸ் நடக்குது, ரெண்டு நாள்ல செட் ஆயிடும்." மூணாம் நாள்: "உங்க போன் பழசு மேடம்." ஆமாம், மறுபடி மேடம் ஆகிவிட்டேன். புது போனில் பார்த்தோம், அதே கதிதான். சிம்மை மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஆறாம் நாள், "பெட்டியத் தொறந்து உள்ள ஒயர் லூஸா இருக்கான்னு ஒரு போட்டோ அனுப்புங்க" என்றார். அவர் சொல்லித்தான் திறந்தோம், போட்டோ அனுப்பினோம். எட்டாம் நாள் பதில் வந்தது: "சீல் உடைஞ்சிருக்கு, வாரண்டி செல்லாது." அந்த ஆறாம் நாள் பேச்சு எழுத்தில் இல்லை, போனில் சொன்னது. பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் அவர் படம் காணாமல் போனது. நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

தளத்துக்காரர்கள்? பொருளைத் திருப்பிக் கொடுக்க 7 நாள்தான், அது தாண்டிவிட்டது என்றார்கள். அந்த ஏழு நாளும் சிம்மை மாற்று, போனை மாற்று என்று இழுத்தடித்தது இதற்குத்தான். 28,000 அவர்கள் வழியாகப் போகவில்லை, அதற்குப் பொறுப்பில்லையாம். மாட்டிய பையன்கள் யாரென்றே தெரியாதாம். நாலு தடவை முதலிலிருந்து கதை சொன்னேன், நாலு வேறு ஆட்களிடம். நாலு பேரும் ஒரே மாதிரி "புரிகிறது" என்றார்கள். கடைசியில் அந்தக் குறுஞ்செய்தி. 48,000.

பிறகு அண்ணனுக்குத் தெரிந்த ஒரு ரேடியோ மெக்கானிக் வந்து பார்த்தார். பார்த்த அஞ்சு நிமிஷத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் காட்டியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

போன் செட்டிங்கில் சிக்னல் அளவு டெசிபெல் கணக்கில் எண்ணாகவே வரும், மைனஸ் போட்டு. மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் சிக்னல் குறைவு என்று அர்த்தம். வாசலில் மைனஸ் 85. ஷட்டரை இறக்கி உள்ளே பார்த்தால் மைனஸ் 118. வித்தியாசம் 33 டெசிபெல். அப்படியென்றால் வாசலில் கிடைப்பதில் ரெண்டாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. 48,000 கொடுத்து வாங்கிய பெட்டியைப் போட்டுவிட்டுப் பார்த்தோம். மைனஸ் 116.

தகடு எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அதன் வழியாக அலை வராது. போனுக்கான அலைவரிசைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் இறங்கும் ஆழமே ஏறத்தாழ 3 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூணு பங்கு. முழுக்க உலோகம் போர்த்திய அறையை விஞ்ஞானி ஃபாரடே 1836-லேயே கட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார், வெளியே வெடித்த மின்பொறி உள்ளே எட்டவில்லை. நம் ஷெட்டும் அந்த வகைதான். வருகிற கொஞ்ச நஞ்சமும் இடுக்கு வழியாகத்தான் வருகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். ஷட்டரைத் திறந்து வைத்தால் அதற்கு அது பெரிய வாசல். பையன்கள் காட்டிய நாலு கோடு ஷட்டர் வழியாக வந்தது, பெட்டியிலிருந்து வந்தது இல்லை.

ஆன்டெனாவை வைத்த இடத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ரொம்பக் கோபம் வந்தது. தகரப் பட்டிக்குள் சொருகியதால் வெளி ஆன்டெனாவையும் தகடே மூடிவிட்டது. ஆள் கண்ணுக்கு மறைத்தவர்கள் டவருக்கும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். முகப்பில் எங்கள் பெயர்ப்பலகை இருக்கிறது, முழுக்க பிளாஸ்டிக், தகட்டுக்கு வெளியே. ரெண்டு கை தூரம். வெளிப்பக்கம் பார்க்கிற தட்டையான பேனல் ஆன்டெனாவை அதன் பின்னால் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, டவரும் எட்டியிருக்கும். பிளாஸ்டிக்கும் ஃபைபரும் ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. அலுமினியத் தூள் கலந்த வெள்ளி நிறப் பெயின்ட் மட்டும் அதன் மேல் அடிக்கக் கூடாது.

அந்தச் சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது ஃபுல் பவர் இல்லை. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே சங்கதி. உள் ஆன்டெனா அனுப்புவதை வெளி ஆன்டெனா கேட்டு, பெட்டி அதையே மறுபடி பெருக்கப் பார்க்கிறது. அதற்கான எச்சரிக்கை விளக்காம் அது. சரியாக மாட்டியிருந்தால் ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் தகட்டுக் கூரையே நல்ல தடுப்பாக இருந்திருக்கும். ரெண்டையும் ஒரே தகட்டுக்குள் வைத்தது அவர்கள்.

கேபிளைக் கையில் எடுத்துக் காட்டினார், இயர்போன் ஒயர் மாதிரி இருந்தது. 18 மீட்டர். அந்தத் தடிமனில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்குத் தின்றுவிடுமாம், அதுவும் 900-இல். அறுபதில் ஒரு பங்குகூட மறுமுனைக்குப் போய்ச் சேராது. விரல் தடிமன் கேபிளில் அதே தூரத்துக்கு மொத்தமே 2, 3 டெசிபெல்தான் போகும். பெட்டியின் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 900 என்று மட்டும் இருந்தது. எங்கள் போன் அங்கே பிடிப்பது 1800. எல்லா நெட்வொர்க்கும் எடுக்கும் என்று சொல்லித்தானே விற்றான்! ஒரு ஆன்டெனா, ஒரு கேபிள், ஒரு பெட்டி, மூன்றிலும் ஏமாற்று. இதற்கு 48,000.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, மன்னியுங்கள். அவசரமாகச் சிலது மட்டும்.

மாட்ட வருகிறவர்களை எல்லாக் கதவையும் மூடிக் காட்டச் சொல்லுங்கள். கோடுகளைப் பார்க்காதீர்கள், அந்த மைனஸ் எண்ணைப் பாருங்கள், மாட்டுவதற்கு முன்னும் பின்னும். தளத்துக்கு வெளியே ஒரு பைசா அனுப்பாதீர்கள். போனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் சொன்னாலும் சீலைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. அனுமதியில்லாத பூஸ்டர் வைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், பக்கத்து டவரையே அது கெடுக்கும், வாங்குவதற்கு முன் உங்கள் நெட்வொர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். ஷெட்டுக்குள் கம்பி வழி இன்டர்நெட் இழுக்க முடிந்தால் பூஸ்டரே வேண்டாம், ஒரு வைஃபை ரவுட்டர் போதும், போனிலும் நெட்வொர்க்கிலும் வசதி இருந்து, வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் அழைப்பு அதிலேயே வரும். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். ரவுட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அண்ணன் ஷட்டரின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, முழங்கால் உயரத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு, போனை அந்த இடுக்குப் பக்கமாகத் தரையில் வைத்துத்தான் வேலை பார்க்கிறான்.