மாதக் கணக்கும் ஆண்டு இலக்கும்: ஸ்டோரிகிராஃப் செயலி ஒரு மதிப்பீடு

ஜனவரி பிறந்ததும் ‘இந்த ஆண்டு இத்தனை புத்தகங்கள்’ என்று இலக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ் வாசகர்களிடமும் நன்றாகவே வேரூன்றிவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடப்பதால், பை நிறைய வாங்கிவந்த புத்தகங்களும் புதிய இலக்கும் நம்மிடம் ஒருசேர வந்து சேர்கின்றன. அந்த இலக்கை மாதந்தோறும் கணக்குப் பார்க்க எந்தக் கருவி ஏற்றது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஸ்டோரிகிராஃப். புத்தகங்களை எண்ணுவதோடு நிற்காமல், படித்த பக்கங்களையும் கேட்ட ஒலிநூல்களின் நேரத்தையும் தனித்தனி இலக்குகளாக வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது என்பதே அதற்கு முதற்காரணம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கையை மட்டும் இலக்காக்கினால் அது நாம் எதைப் படிக்கிறோம் என்பதையே மாற்றிவிடுகிறது. ஆண்டுக்கு 24 புத்தகங்கள் என்றால் மாதத்துக்கு இரண்டு. 120 பக்கக் குறுநாவல்கள் இரண்டை முடித்தவருக்கு அந்த மாதக் கணக்கு நேராகிவிடும், 800 பக்க நாவலில் முக்கால்வாசியைக் கடந்தவருக்கோ அதே மாதம் பூஜ்யம் என்று காட்டும். மாதக் கடைசியில் அலமாரியில் மெலிந்த புத்தகமாகத் தேடி எடுக்கும் மனநிலை இப்படித்தான் உருவாகிறது. ஐந்து பாகங்கள் கொண்ட சரித்திர நாவல்களும், நிதானமாக அசைபோட்டுப் படிக்க வேண்டிய கட்டுரைத் தொகுதிகளும் நிறைந்த நம் மொழியில் இது சிறிய இழப்பன்று. ஆண்டுக்கு 9,000 பக்கங்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 750, நாளுக்கு ஏறத்தாழ 25 பக்கங்கள் ஆகிறது. வேலைக்குப் போகிறவர்களும் எட்டிவிடக்கூடிய அளவு இது, பெரிய நாவலைக் கையில் எடுக்கவும் அச்சம் வராது. ஐந்து பாகங்களை ஒரு புத்தகமாக எண்ணுவதா, ஐந்தாக எண்ணுவதா என்ற பழைய வழக்கும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது.

ஆண்டு வாசிப்புச் சவாலைப் பரவலாக்கிய பெருமை 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வசமான, வாசகர்கள் படித்த நூல்களைப் பதிந்து மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தையே சேரும். ஸ்டோரிகிராஃப் அதற்குப் பின்னால் வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் நடியா ஒடுனாயோ 2019இல் தொடங்கிய முயற்சி அது. குட்ரீட்ஸில் பல ஆண்டுப் பதிவுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு இங்கே ஏற்றிவிடலாம்.

செயலியில் நான் மிகவும் மதிப்பது அதன் புள்ளிவிவரப் பக்கத்தை. ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாதத்தில் முடித்த நூல்களில் புனைவு எவ்வளவு, அபுனைவு எவ்வளவு, எந்த வகைகள், நூல் தரும் மனநிலை எத்தகையது, அது நகரும் வேகம் எவ்வளவு என்பவை படங்களாக விரிகின்றன. நீளத்தை 300 பக்கங்களுக்குக் குறைந்தவை, 300 முதல் 499 வரை, 500க்கு மேல் என மூன்றாகப் பிரித்துக் காட்டும் வட்டப்படம் சிறியதுதான். ஆனால் தொடர்ந்து சில மாதங்கள் அந்த வட்டம் முழுவதும் ஒரே நிறத்தில் இருந்தால், நம் வாசிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மாதவாரியாகப் புத்தகங்களும் பக்கங்களும் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புத்தகக் கோடு தாழ்ந்து பக்கக் கோடு உயர்ந்திருக்கும் மாதமே, என் பார்வையில், நல்ல மாதம்.

மதிப்பெண்ணைக் கால் நட்சத்திர அளவில் தரலாம் என்பது மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் தவிப்பவர்களுக்கு உதவும். மனநிலை, வேகம் என்ற பகுப்புகள் நாவலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. கவிதைத் தொகுப்புக்கோ இலக்கிய விமர்சன நூலுக்கோ வேகம் என்ன என்ற கேள்வியில் பெரிய பொருளில்லை, அவற்றுக்கு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவதே மேல்.

தமிழ் நூல்களைப் பதிவதற்குச் சற்று உழைக்க வேண்டும். அட்டையின் பின்புறமுள்ள பட்டைக் கோட்டைக் கைப்பேசியில் காட்டித் தேடலாம். அந்தக் கோட்டோடு அச்சாகும் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண், இந்திய நூல்களில் 978க்குப் பிறகு பெரும்பாலும் 81 அல்லது 93 என்று தொடரும். தேடிக் கிடைக்காத நூலையும், ஐ.எஸ்.பி.என். எண்ணே இல்லாத பழைய பதிப்பையும் நாமே சேர்த்துக்கொள்ள வழியுண்டு. அப்படிச் சேர்க்கும்போது தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்தில் பிழையின்றி இடுங்கள். பின்னால் தேடி வருகிற வாசகருக்கும் அந்தப் பதிவே பயன்படும் என்பதால் இதைப் பொதுப்பணியாகவே கருதலாம். பக்க எண்ணிக்கையில் கூடுதல் கவனம் தேவை. ஒரே நாவல் ஒரு பதிப்பகத்தில் 400 பக்கமாகவும் மலிவுப் பதிப்பில் பொடி எழுத்தில் 280 பக்கமாகவும் வரக்கூடும். கையிலிருக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மாதக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். கிண்டிலில் படிப்பவர்கள் பக்க எண்ணுக்குப் பதிலாக விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

தினமும் விடாமல் படிப்பதைக் கணக்கெடுக்கும் வசதியும் உண்டு, ஒரு பக்கம் படித்தாலும் அந்த நாள் சேரும்; படிக்கும் பழக்கம் விட்டுப்போய் மீண்டும் தொடங்குகிறவர்களுக்கு அது நல்ல பிடிமானம். நண்பர்களோடு ஒரே நூலைச் சேர்ந்து படிக்கும் ஏற்பாட்டில், இன்னும் எட்டாத பக்கத்தைப் பற்றிய கருத்து அந்தப் பக்கம் வரும்வரை மறைந்தே இருக்கும். கதை முடிவை யாரும் உடைத்துவிட மாட்டார்கள் என்பதால், வாசகர் வட்டங்களுக்கு இதைத் தனியாகவே பரிந்துரைக்கிறேன்.

இலவசக் கணக்கே இவை அனைத்துக்கும் போதுமானது. கட்டணத் திட்டம், இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டு ஆராயவும் புள்ளிவிவரங்களை மேலும் நுணுக்கமாகப் பிரிக்கவும் விரும்புகிறவர்களுக்கானது. முதல் ஆண்டில் அதற்கு அவசியமில்லை. பதிவுகள் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. மாதக் கணக்கை முடிக்கும் நாளிலேயே அந்தக் கோப்பையும் இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.