ஹாட் டாக்கில் எது தேறும்? மாடு, கலப்பு, கோழி, சோயா

ஹாட் டாக் என்ற பெயரைக் கேட்டதும் வரும் முதல் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். நாய்க்கறி கிடையாது. பன்னுக்குள் வைத்துத் தின்னும் சாசேஜ்தான், அதாவது உறைக்குள் அடைத்த அரைத்த கறி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், சாசேஜுக்குள் என்ன கறி போகிறதோ என்று சந்தேகப்பட்டவர்கள் அடித்த கிண்டல், பெயராகவே ஒட்டிக்கொண்டது. கிண்டல் பழசாகிவிட்டாலும், உள்ளே என்னதான் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதற்கு ஒரே பதில் இல்லை என்பதுதான் சிக்கல். ஒரே நீளம், ஒரே இளஞ்சிவப்பு, ஒரே பன். ஆனால் தனி மாட்டிறைச்சி, மாடும் பன்றியும் கலந்தது, கோழி அல்லது வான்கோழி, சோயா வகை என்று நாலு தினுசு. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை வைத்து இதில் எதையும் எடை போட முடியாது. பின்பக்கத்தைத்தான் திருப்ப வேண்டும்.

ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நார் தெரியாது, கொழுப்புத் திட்டு தெரியாது. அழிரப்பரை வெட்டியதுபோல வழவழவென்று இருக்கும், அங்கங்கே ஊசிமுனை அளவில் காற்றுக் குழி. காரணம் அரைக்கும் விதம். இறைச்சி, கொழுப்பு, உப்பு, மசாலா எல்லாவற்றையும் வேகமாகச் சுழலும் கத்திகளுக்கு அடியில் போட்டு, கூடவே ஐஸையும் கொட்டுவார்கள். உப்பு தசையிலிருந்து புரதத்தை வெளியே இழுக்கிறது. அந்தப் புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கத்தியின் சூட்டில் கொழுப்பு உருகிப் பிரியாமல் பார்த்துக்கொள்வது ஐஸின் வேலை. கடைசியில் கிடைப்பது கேக் மாவு பதத்தில் ஒரு விழுது. அதைக் குழாய்போன்ற உறைக்குள் அடைத்து, புகையில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் ஆறவைக்கிறார்கள். இவ்வளவு நைசாக அரைத்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் பிறக்கும் இடமும் அதுதான்.

சரி, முதலில் மாட்டையும் கலப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி இரண்டிலும் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுப்பும் சேர்த்த தண்ணீரும் கூட்டினால் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது விதியை ஒழுங்காக மதிக்கும் ஹாட் டாக்கிலேயே ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பும் தண்ணீருமாக இருக்கலாம். பால் பவுடர், தானிய மாவு போன்ற பிடிமானப் பொருள்கள் 3.5 சதவீதம் வரை. இதுவரை இரண்டும் சமம்.

வித்தியாசம் இனிமேல்தான். முழுக்க மாட்டிறைச்சி என்று லேபிளில் போட்டால் அதில் வேறு பிராணியின் கறி வரக் கூடாது. கலப்பு வகையில் மாடும் பன்றியும் போக, கோழிக் கறி 15 சதவீதம் வரை நுழையலாம். எலும்போடு நசுக்கிச் சல்லடையில் பிழிந்தெடுத்த பன்றிக் கூழ் 20 சதவீதம் வரை நுழையலாம். மாட்டில் அப்படிப் பிழிந்தெடுத்த கூழை மனிதர் உணவில் சேர்ப்பதற்கே 2004 முதல் தடை, பைத்திய மாட்டு நோய்ப் பயத்தால். கலப்பு என்பதே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இந்த சாசேஜைத் தனிப் பன்றி இறைச்சியில் செய்தார்கள். அங்கே தொழில் கற்ற யோஹான் கியோர்க் லானர் என்ற கசாப்புக்காரர் வியன்னாவுக்குப் போய், 1805 வாக்கில் மாட்டையும் சேர்த்துக் கலப்பாக்கினார். ஆக, கலப்பு வகை, ‘ஹாட் டாக்’ என்ற பெயரைவிட மூத்தது. வேடிக்கை என்னவென்றால், உலகம் அதை வியன்னாக்காரன் என்று அர்த்தப்படும் வீனர் என்ற பெயரில் அழைக்க, வியன்னாவில் மட்டும் அதற்குப் பெயர் ஃபிராங்க்ஃபர்ட்டர்.

மூக்கு, காது, இதயம் எல்லாம் போடுவார்களாமே என்று கேட்பவர்களுக்கு: உள்ளுறுப்பு போன்ற உபரி பாகங்களைச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்தால் அதைப் பெயரோடு ஒட்டியே லேபிளில் சொல்ல வேண்டும், எந்தப் பாகம் என்பதும் பட்டியலில் வர வேண்டும். சொல்லாமல் ஒளிக்க இடமில்லை.

பலரும் ஏமாறுவது கோழியில்தான் என்பது என் கட்சி. கோழி என்றாலே லேசானது என்ற எண்ணம் இருக்கிறதே, அதில் பாதிதான் உண்மை. 45 கிராம் எடையுள்ள மாட்டு ஹாட் டாக்கில் சுமார் 150 கலோரி, 13 கிராம் கொழுப்பு. அதே எடையில் கோழி என்றால் சுமார் 100 கலோரி, 7 கிராம் கொழுப்பு. இதில் கோழி ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பின்பக்கப் பட்டியலில் முதல் வரியாக அடிக்கடி நிற்பது ‘இயந்திரத்தால் பிரித்தெடுத்த கோழி’. நெஞ்சுக்கறியும் காலும் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் முதுகு, கழுத்து எலும்புகளை அதிக அழுத்தத்தில் சல்லடை வழியே தள்ளினால் வருகிற கூழ் அது. பன்றிக்கு 20 சதவீத வரம்பு இருக்கிறது. கோழி ஹாட் டாக்கில் கோழிக் கூழுக்கு அப்படி வரம்பு இல்லை. விஷம் இல்லை, சாப்பிடலாம். ஆனால் ‘சுத்தமான கோழிக்கறி’ என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு அதை வாங்க வேண்டாம். பட்டியலில் பொருள்கள் எடை வரிசையில்தான் வரும். முதல் பெயரே வெறுமனே ‘கோழி’ என்றிருந்தால் அது வேறு சரக்கு.

உப்பில் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. ஒன்றுக்கு 400, 500 மில்லிகிராம் சோடியம் சர்வ சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 2000-க்குள்தான். இரண்டு சாப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதி நாள் கணக்கு முடிந்தது, பன்னையும் சாஸையும் சேர்க்காமலே.

சோயா வகையில் சோயாப் புரதம், கோதுமைப் புரதம், எண்ணெய், ஸ்டார்ச், பீட்ரூட் மாதிரி ஏதோ ஒரு நிறம். கொலஸ்ட்ரால் இல்லை. உப்பு மட்டும் அதே அளவுக்கு இருக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டியலைப் பார்க்காமல் தொடக் கூடாது. தனியாகக் கடித்தால் ரப்பர்தான். கடுகு சாஸும் வெங்காயமும் போட்டபின் வித்தியாசம் பாதியாகக் குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொரு போட்டி இருக்கிறது: சாதாரண ஹாட் டாக்குக்கும், நைட்ரைட் சேர்க்காதது என்று எழுதியதற்கும். கறியைப் பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் என்ற உப்புதான் அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம். அது இல்லாவிட்டால் வேகவைத்த கறியின் சாம்பல் நிறம்தான் வரும். உயிரைக் குடிக்கும் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்கிவைப்பதும் அதுவே. அமெரிக்காவில் வரம்பு கிலோவுக்கு சுமார் 156 மில்லிகிராம். கெட்ட பக்கமும் உண்டு: அதிகச் சூட்டில் புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணியாக மாறக்கூடும். அதைக் குறைக்கத்தான் வைட்டமின் சி வகையறா ஒன்றையும் சேர்க்கிறார்கள்.

சரி, சேர்க்காதது என்கிறார்களே, அதில் என்ன? செலரி என்ற காய்கறியின் பொடி. செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். பாக்டீரியாவை விட்டு அதை நைட்ரைட்டாக மாற்றிக் கறியில் போடுகிறார்கள். வந்த வழி வேறு, மூலக்கூறு அதேதான். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் வாக்கியத்துக்குக் கீழே, ‘செலரியில் இயற்கையாக உள்ளது தவிர’ என்று எறும்பு சைஸில் ஒரு வரி இருக்கும். கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது எனக்கு. 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. செலரிக்கு அதில் சலுகை எதுவும் கிடையாது. 50 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு ஹாட் டாக். ‘தினமும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எப்போதோ ஒன்று சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

உறையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லேசாக வளைந்திருந்து, கடித்தால் ‘படக்’ என்று வெடித்தால் பெரும்பாலும் ஆட்டுக்குடல். அச்சில் வார்த்ததுபோல நேராக இருந்தால் செல்லுலோஸ் உறையில் வேகவைத்து, பிறகு உறையை உரித்துவிட்டது. மூன்றாவது, மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன். மாட்டையோ பன்றியையோ தவிர்க்கிறவர்கள் கோழி ஹாட் டாக் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். உள்ளே கோழி, மேலே வேறு பிராணி என்பதும் உண்டு.

நான் எடுப்பது ஆட்டுக்குடல் உறை போட்ட, முழுக்க மாட்டிறைச்சி என்று எழுதிய பாக்கெட். கொழுப்பு கூடுதல்தான், அதனால் இரண்டுக்குப் பதில் ஒன்று. கரியும்வரை சுடுவதில்லை, கொதித்து அடங்கிய நீரில் போட்டு ஆவி பறக்கும்வரை சூடாக்கி எடுத்துவிடுவேன். செலரி பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.