சொற்கோப்பா, வெக்டரா? பொருள் அலசலில் நான் எடுத்த பக்கம்

நோயாளிகள் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும் குறிப்புகளைப் படித்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று வகை பிரிக்கும் வேலைக்கு மூன்று வழிகள் இருந்தன. சொற்களையும் அவற்றின் பொருள்களையும் கையாலேயே அடுக்கி ஒரு சொற்கோப்பு கட்டலாம். உரையை வெக்டர் எனப்படும் எண் வரிசைகளாக்கி, அவை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பார்த்துப் பொருளைக் கணிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் கேட்டதற்கு விடை எழுதித் தரும் பெரிய மொழி மாதிரி ஒன்றிடம் உரையைக் கொடுத்து, இது எந்த வகை என்று கேட்டுவிடலாம். நான் முதல் வழியில் போனேன். இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தொடங்கும் வேகத்தில் வெக்டர்தான் முந்தும். உரையை வெக்டராக்கும், ஏற்கெனவே பயிற்றுவித்த மாதிரியை (மாடலை) இறக்கிக்கொண்டால் அன்று மாலையே ஏதோ ஒரு விடை கையில் இருக்கும். சொற்கோப்பில் ஆரம்ப நாட்கள் வெறும் உழைப்பு. காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கணினி வசதி என்று பார்த்தால் சொற்கோப்புக்குச் சாதாரண மடிக்கணினி போதும். இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

இரண்டுமே நேற்று முளைத்தவை அல்ல. ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடித் திரிகிறதோ அதுதான் அதன் பொருளைக் காட்டும் என்ற எண்ணத்தை 1950களிலேயே மொழியியலாளர்கள் ஸெல்லிக் ஹாரிஸும் ஜே. ஆர். ஃபிர்த்தும் எழுதிவிட்டார்கள். 1990இல் டீர்வெஸ்டர் குழுவினர் எந்தச் சொல் எந்த ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்ற பெரிய அட்டவணையைச் சில நூறு பரிமாணங்களுக்குச் சுருக்கிக் காட்டினார்கள். 2013இல் கூகுளில் மிக்கோலோவ் குழுவினரின் வேர்ட்டுவெக் வந்தது, 2018இல் பெர்ட்; இரண்டும் சொற்களை வெக்டராக்கும் மாதிரிகள். எதிர்ப்பக்கத்தில், அதாவது சொற்கோப்பின் பக்கத்தில், 1980களின் நடுவில் பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட் ஒருபொருட்சொற்களைக் குழுக்களாகக் கட்டியது, அதன் 3.0 பதிப்பில் ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேல் குழுக்கள். 1997இல் பெர்க்லியில் சார்லஸ் ஃபில்மோர், சொற்களை அவை எழுப்பும் காட்சிகளின்படி அடுக்கும் ஃபிரேம்நெட்டைத் தொடங்கினார். நம் நிகண்டுக்காரர்கள் இந்த வேலையைச் செய்யுளிலேயே செய்துவைத்தவர்கள். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவது முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் இடங்களுக்கானது. மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்தார்கள், நாம் நிரலில் தேட வசதியாகச் செய்கிறோம்.

சொற்கோப்பு என்றதும் அகராதி போல ஒன்றை நினைக்க வேண்டாம். எனக்கு உதவியது ஃபில்மோரின் சட்டகம் என்ற கருத்து: ஒரு சொல் மனதில் எழுப்பும் காட்சியும் அதில் வரும் பங்குகளும். அவர் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வணிகம். வாங்குபவர், விற்பவர், பொருள், பணம் என்று நான்கு பங்குகள். எந்த வினையைப் போட்டாலும் காட்சி அதேதான், பார்க்கும் கோணம் மாறும். தமிழில் 'வாங்கு' அந்தக் காட்சிக்குள் அடங்கி நிற்காது. 'வெளியில் மருந்து வாங்கினேன்' என்பது வணிகம். 'மாடி ஏறினா மூச்சு வாங்குது' என்பது நோயின் அறிகுறி. 'ராத்திரியானா இந்த இருமல் உயிரை வாங்குது' என்பது தொல்லை எவ்வளவு கடுமை என்பதன் அளவு. 'உப்பைக் குறைக்கலைன்னு திட்டு வாங்கினேன்' என்பதில் வாங்கியவருக்குக் கையில் ஒன்றும் வரவில்லை. என் கோப்பில் 'வாங்கு' என்பதற்கு நேராகப் பொருள் எதுவும் இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் சொல் எந்த இனம் என்பதைப் பொறுத்து எந்தச் சட்டகத்துக்குப் போக வேண்டும் என்ற வரிகள்தான் இருக்கின்றன. மூச்சு என்றால் ஒரு வரி, உயிர் என்றால் இன்னொன்று, கடைச்சரக்கு என்றால் வேறொன்று.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த இடத்தில் பெர்ட் வகை மாதிரிகள் நன்றாகவே தாக்குப்பிடித்தன. வேர்ட்டுவெக் 'வாங்கு' என்பதற்கு ஒரே ஒரு வெக்டர்தான் வைத்திருக்கும், எல்லாப் பொருளும் அதற்குள் கலந்துகிடக்கும். பெர்ட் சூழலைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் தனி வெக்டர் தருவதால் மூச்சையும் மருந்தையும் பிரித்துவிடுகிறது. ஆகவே 'ஒரு சொல் பல பொருள்' என்பதைக் காட்டி வெக்டரை மட்டம் தட்டுவது இப்போது செல்லாது.

எதிர்மறை வேறு கதை. மூன்று வரிகளைப் பாருங்கள். 'மாத்திரை போட்டபின் வலி குறைந்தது.' 'மாத்திரை போட்ட பின்னும் வலி குறையவில்லை.' 'மாத்திரை போடாமலே வலி குறைந்தது.' மருத்துவருக்கு இவை மூன்று வெவ்வேறு செய்திகள். வெறும் நெருக்கத்தை அளந்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன, ஏனென்றால் மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சேர்ந்து வரும் சொற்களை வைத்துப் பொருள் கண்டால் எதிர்ச்சொற்கள் அண்டை வீட்டுக்காரர்கள் ஆவது இயல்பு. சூடும் குளிரும் ஒரே மாதிரி வாக்கியங்களில்தானே வருகின்றன. எந்த வகை என்று குறியிட்ட எடுத்துக்காட்டுகள் நிறையக் கொடுத்து, வெக்டரின் மேல் வகை பிரிக்கும் நிரல் ஒன்றைப் பயிற்றுவித்தால் இது பெருமளவு சரியாகும். ஆனால் அந்த எடுத்துக்காட்டுகளை யாராவது உட்கார்ந்து குறியிட வேண்டும். கைவேலையைத் தவிர்க்க வந்த வழியில் கைவேலை திரும்ப வந்து நிற்கிறது.

சொற்கோப்புக்காரனுக்குத் தமிழ் இங்கே ஒரு சலுகை தருகிறது. நம் எதிர்மறை வடிவங்கள் பெரும்பாலும் எண்ணி முடிக்கக்கூடிய பட்டியல்: இல்லை, ஆது, ஆமல், ஆத, மாட்டு, கூடாது, இன்னும் சில. உருபனியல் பகுப்பி என்ற நிரல் சொல்லை வேர், விகுதி என்று உடைத்துத் தந்தால் பட்டியல் பிடித்துக்கொள்ளும். பிடிக்காத இடங்கள் உண்டு. பேச்சு வழக்கில் 'குறையல' என்றால் குறையவில்லை. 'குறையலாம்' என்றால் குறைய வாய்ப்பு உண்டு. அவசரமாகத் தட்டச்சு செய்பவர் கடைசி எழுத்துகளை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். 'வலிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல' என்று கிண்டலாக எழுதுபவரைப் பட்டியலால் மடக்க முடியாது. அந்தத் தொடரை அப்படியே முழுதாகக் கோப்பில் ஏற்றினேன். 'இல்லை' எப்போதும் கெட்ட செய்தியும் அல்ல. காய்ச்சல் இல்லை என்றால் நல்லது, தூக்கம் இல்லை என்றால் கெட்டது.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் நான் முடிவெடுக்கவில்லை. முடிவைத் தந்தது மராமத்து. வகைப்படுத்தும் எந்தக் கருவியும் தப்பு செய்யும். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு வேலை?

ஒரு தப்பை எடுத்துக்கொள்வோம். 'ஒரு வாரமா பசியே இல்ல' என்ற வரி 'குணமாகிறது' என்ற வகையில் போய் உட்கார்ந்திருந்தது. சொற்கோப்பில் காரணம் தேடுவது சுலபம். அறிகுறிச் சொல்லோடு 'இல்லை' வந்தால் நிவாரணம் என்று ஒரு விதி. அறிகுறிப் பட்டியலில் 'பசி' இருக்கிறது. 'சாப்பிட்டும் பசி எடுத்துக்கிட்டே இருக்கு' என்று எழுதும் சர்க்கரை நோயாளிகளுக்காக அதைச் சேர்த்திருந்தேன். ஆக, பசி கூடினாலும் பிரச்சினை, இல்லாவிட்டாலும் பிரச்சினை. தூக்கம், வியர்வை, எடை எல்லாம் இதே இனம். 'இரு திசை அறிகுறி' என்று ஒரு புது வகையைத் திறந்து இவற்றை அங்கே நகர்த்தினேன். பிறகு பழைய உரை முழுவதையும் மறுபடி ஓட்டி, எந்த வரிகளின் வகை மாறியது என்று மட்டும் எடுத்துப் பார்த்தேன். மாறியவை எல்லாம் பசி, தூக்கம் பற்றிய வரிகள்தான். மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. திருத்தம் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அந்த நிம்மதி வெக்டரில் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே இதே தப்பு வந்தால் திருத்துவதற்கு என்று ஒரு வரி இல்லை. நெருக்கத்தின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் பசி சரியாகும், வேறு எதுவோ கெடும். எடுத்துக்காட்டுகளைச் சேர்த்து மறுபடி பயிற்றுவித்தால் பசியோடு சேர்ந்து சம்பந்தமில்லாத வரிகளும் இடம் மாறுகின்றன, ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மாதிரியையே மாற்றினால் சேமித்த வெக்டர்கள் அத்தனையையும் புதிதாகக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதிரிகளின் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. அதோடு, பார்த்துப் பார்த்து வைத்த எல்லைகளும் பயனற்றுப்போகும். சூழல் சார்ந்த வெக்டர்கள் குறுகலான ஒரு கூம்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும், அதனால் தொடர்பே இல்லாத சொற்களுக்குக்கூட கொசைன் மதிப்பு, அதாவது நெருக்கத்தை அளக்கும் எண், உயர்ந்து வரக்கூடும் என்பதையும் 2019இல் ஆய்வாளர் எத்தயராஜ் காட்டினார். ஒரு மாதிரியில் 0.8 என்பது நெருங்கிய உறவு, இன்னொன்றில் அதே 0.8 வழிப்போக்கர்களுக்கும் கிடைக்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட: சொற்கோப்புக்குச் சொல் சேர்ப்பது முடியவே முடியாத வேலை. உலகம் முழுவதையும் கையால் எழுதப் புறப்பட்டால் அப்படித்தான். 1984இல் டக்ளஸ் லெனட் தொடங்கிய சைக் திட்டம், பொது அறிவை விதி விதியாக எழுதப் போய்ப் பல பத்தாண்டுகள் நீண்டது. ஆனால் ஒரு துறைக்குள் நின்றால் நிலைமை வேறு. எந்த உரைத் தொகுப்பிலும் கொஞ்சம் சொற்கள் மிக அதிகமாகவும், மிச்சமெல்லாம் அரிதாகவும் வரும் என்ற ஸிப்ஃப் விதி இங்கே நம் பக்கம். ஆரம்பத்தில் சேர்க்கும் ஒவ்வொரு வரியும் நூற்றுக்கணக்கான குறிப்புகளைத் தொடும். போகப் போகப் புதிதாக வருபவை பெரும்பாலும் எழுத்து வேறுபாடுகளே. சொற்கோப்பின் பராமரிப்பு காலப்போக்கில் இறங்குகிறது. வெக்டரின் பராமரிப்பு ஒவ்வொரு புது மாதிரியோடும் ஆரம்பத்துக்குப் போகிறது. என் அனுபவத்தில் வித்தியாசம் இதுதான்.

கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொருள்களை மிக நுணுக்கமாகப் பிரிக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வேர்ட்நெட் அளவுக்கு நுணுக்கமான பிரிவுகளில் மனிதர்களே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் 2006இல், உரைகளுக்குப் பொருள் குறியிடும் ஆன்டோநோட்ஸ் திட்டக் குழுவினர், குறியிடுபவர்களிடையே 90 சதவீத உடன்பாடு வரும் வரை பொருள்களைச் சேர்த்துக் கட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். நானும் அந்த அளவுகோலைத்தான் பிடித்தேன். லேசான வலி, மிதமான வலி என்ற பிரிவை இரண்டு பேர் ஒரே மாதிரி குறிக்கவில்லை, எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தியும் வையுங்கள். பசியை ஏன் அங்கே போட்டோம் என்பது உங்களுக்கே மறந்துபோகும்.

வெக்டரை நான் ஒதுக்கிவிடவில்லை. 2018இல் 157 மொழிகளுக்கு வெளியான ஃபாஸ்ட்டெக்ஸ்ட் வெக்டர்களில் தமிழும் உண்டு. அது சொல்லைத் துண்டு துண்டாகப் பார்ப்பதால் 'குறையலை', 'கொறயல', 'குறையலே' எல்லாவற்றையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துகிறது. ஒரு சொல்லைக் கோப்பில் ஏற்றும்போது அதன் அண்டைச் சொற்களைக் கேட்டு வாங்கி, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வேன். தேடலுக்கும் வெக்டர்தான் சரி. லட்சக்கணக்கான ஆவணங்களில் 'இது மாதிரி ஒன்று எங்கே' என்று கேட்பவருக்குச் சொற்கோப்பைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே பத்தில் ஒன்று பிசகினாலும் படிப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது வழியான பெரிய மொழி மாதிரிகளைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. சில தொகுதிகளில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். 'குறைச்சல் இல்ல' போன்ற கிண்டலை அவை பிடித்த விதம் அசர வைத்தது. என் கோப்பு அந்த இடங்களில் தடவிக்கொண்டிருந்தது. ஆனால் கேள்வியில் ஒரு வரியை மாற்றினால் எல்லைக்கோட்டில் இருக்கும் குறிப்புகள் இங்கும் அங்கும் தாவின. நோயாளிகளின் எழுத்தை வெளியே உள்ள சேவைக்கு அனுப்பலாமா என்பது தனிக் கேள்வி. எங்கள் வேலையில் அதற்கு இடமில்லை. சொற்கோப்பில் எழுதிவைத்த 'ஏன்' பத்தியைக் கேள்வியோடு சேர்த்துக் கொடுத்தபோது அவற்றின் விடை மேம்பட்டது போலத் தோன்றியது. முறையாக அளந்து பார்க்கவில்லை.

உங்கள் வகைகள் இன்னும் முடிவாகவில்லை என்றால் சொற்கோப்பைத் தொடங்க வேண்டாம். முதலில் வெக்டரால் உரையைக் குவியல் குவியலாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு குவியலிலும் ஒரு கைப்பிடி எடுத்துப் படித்து, அதற்கு நீங்களாக ஒரு பெயர் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பெயர் வைக்க முடிந்த குவியல்களுக்கு மட்டும் முதல் வரிகளை எழுதுங்கள், மற்றவை காத்திருக்கட்டும்.