தைத் தண்ணீருக்கு எது? கடலைக்காய், உளுந்து, எள்

கீழ்பவானி வாய்க்காலில் தை மாதம் புஞ்சைப் பயிருக்குத் தண்ணீர் திறக்கும் செய்தி வந்ததும் கோபி, பெருந்துறைப் பக்கத்துத் திண்ணைகளில் எதை விதைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். பேச்சு முழுக்க விலையைச் சுற்றியே ஓடும். நோய் வந்தால் அந்த விதையே எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பார்ப்பவன் நான்.

அந்தக் கணக்கில் உளுந்து முந்துகிறது. அதன் பெரிய எதிரி மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். செடியில் ஏறிவிட்டால் எந்த மருந்துக்கும் இறங்காது, எனவே எதிர்ப்பு விதையிலேயே இருந்தாக வேண்டும். நெடுங்காலம் இங்கே விதைத்த டி 9 உத்தரப் பிரதேசத்தில் தேர்ந்தெடுத்த ரகம். அங்கே பரவலாக உள்ள தேமல் வைரஸ் வேறு, தெற்கே உள்ளது வேறு. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து 2016-இல் வந்த வம்பன் 8 ரகம் நம் பக்கத்து நோயைப் பார்த்துத் தேறியது. நோய் தாங்கும் செடியைச் சலித்தெடுக்கும் முறையும் கடுமைதான்: தேமல் எளிதில் பிடிக்கும் கோ 5 உளுந்தை இடையிடையே விதைத்து, வயலில் நோயை வேண்டுமென்றே பெருக்கி, அதன் நடுவே பச்சையாக நிற்கும் செடிகளைப் பொறுக்குவார்கள். 65–70 நாளில் காய் ஒருசேர முற்றிவிடுவதால் அறுவடைக்கு ஆள் தேடும் பாடும் குறைவு.

கடலைக்காய்க்கு எதிரி இலைப்புள்ளி நோயும் துரு நோயும். இலை கொட்டினால் காயோடு மாட்டுக்கான கொடியும் போய்விடும். விளைச்சல் பட்டியலில் இந்த நட்டம் ஏறுவதே இல்லை. கர்நாடகத்துத் தார்வாட்டில் உருவான ஜிபிபிடி 4 ரகம் இரண்டு நோயையும் தாங்கும், அந்தக் குணம் பயிரிடாத காட்டுக்கடலை இனத்திலிருந்து வந்தது. ஆனால் ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும், ஒரு கிலோ விதை எட்டு கிலோவாகத்தான் பெருகும். உளுந்துக்கு 8 கிலோ போதும், ஒரு கிலோ நாற்பதாகும். நல்ல கடலை ரகம் ஊருக்குள் வர ஆண்டுகள் பிடிப்பது இதனால்தான்.

எள்ளுக்கு 2 கிலோ விதை, செலவும் சொற்பம். ஆனால் பூவெல்லாம் இலையாக மாறும் நோய் வந்தால் காய் பிடிக்காது. தத்துப்பூச்சி பரப்புவது. காட்டு எள்ளில் எதிர்ப்பு உண்டு. அதைப் பயிர் எள்ளோடு சேர்ப்பதுதான் பெரும்பாடு, ஒட்டுச் செடிகள் பல மலடாகிவிடுகின்றன. ஆகவே நோய்ச் செடியைக் கண்டதும் பிடுங்குவதே இன்றைக்கும் வைத்தியம்.

தொழுவத்தில் நாலு உருப்படி இருந்தால் கடலைக்காயே போடுங்கள். இல்லையென்றால் என் ஓட்டு உளுந்துக்கு. எள்ளை, தினமும் காட்டைச் சுற்றிவர நேரம் உள்ளவர்களிடம் விட்டுவிடலாம்.