பேட்ச் ஒழுங்காக வேலை செய்தது, ராத்திரியில் போனை எடுக்கத்தான் ஆளில்லை

அம்மாவுக்கு சுகர் வந்து 18 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அவர் காசிமேட்டில் தனியாக இருக்கிறார், நான் அம்பத்தூரில். கூப்பிட்டால் வரமாட்டார், "அங்க வந்து ஐஸ் மீனு துன்னவா" என்பார். போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தார். அதற்கு அப்புறம்தான் பயந்துபோய், வீட்டில் இருக்கிறவரைத் தூரத்தில் இருந்தே கவனித்துக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு கம்பெனியில் மூன்று மாத பேக்கேஜ் வாங்கினேன், ரூ.16,500. கம்பெனி பெயரைப் போடவில்லை, எங்கே வாங்கினாலும் இதே விஷயங்களைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் வந்தவை கையில் ஒட்டும் சுகர் பேட்ச் இரண்டு, போனோடு ப்ளூடூத்தில் பேசும் பிரஷர் மிஷின் ஒன்று. கூடவே வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் போன் செய்வார்.

முதலில் பேட்ச். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மேல்கையின் பின்பக்கம் ஒட்டி அழுத்தினால் முடி மாதிரி ஓர் இழை தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊசி போடுகிற அளவுக்குக்கூட வலிக்கவில்லை என்றார் அம்மா. ஒட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் நம்பர் காட்ட ஆரம்பிக்கும், 14 நாள் வரும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இது ரத்தத்தில் அளப்பதில்லை, தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றி இருக்கிற நீரில் அளக்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரலைக் குத்திப் பார்ப்பதைவிட ஐந்து பத்து நிமிடம் பின்தங்கித்தான் வரும். இது தெரியாமல் முதல் இரண்டு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மிஷின் பொய் சொல்கிறது என்று சண்டை போட்டேன்.

காசு கொடுத்தது வீண் இல்லை என்று தோன்றியது நான்காம் நாள். அம்மா பல வருடமாகக் காலையில் கேழ்வரகுக் கூழ்தான் குடிப்பார், சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே. பெரிய சொம்பில் கரைத்து, வெங்காயமும் கருவாடும் தொட்டுக்கொண்டு. அன்றைக்கு 8 மணிக்குக் குடித்தார், 9 மணிக்கு 251. அடுத்த நாளும் அதே கதை. அதற்கும் மறுநாள் இரண்டு தோசை, நேற்று வைத்த மீன் குழம்பு, கூடவே வறுத்த மீன் இரண்டு துண்டு, 180ஐத் தாண்டவில்லை. நர்ஸிடம் கேட்டேன். மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிய பிறகு கேழ்வரகும் வேகமாகத்தான் சர்க்கரையாகும், அதிலும் சொம்பு நிறையக் குடித்தால் ஏறாமல் என்ன செய்யும், பக்கத்தில் மீன் மாதிரி ஏதாவது நிறைய இருந்தால் மெதுவாக ஏறும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கூழு குடிச்சா சுகரு ஏறுதா? எவன்டா சொன்னான்?" போனில் சுகர் ஏறி இறங்கியதைக் காட்டுகிற கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சின்ன சொம்புல ஊத்து" என்றார். எத்தனையோ டாக்டர்கள் சொல்லி நடக்காதது இது.

போன் பக்கத்தில் இருக்க வேண்டும், 20 அடிக்குள். அம்மா போனைக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு மாடியில் கருவாடு காயவைக்கப் போனால் 'சிக்னல் இல்லை' என்று எனக்கு வந்துவிடும். பேட்ச் உள்ளேயே சேர்த்துவைத்துக்கொண்டு, இறங்கி வந்ததும் விட்டுப்போன நேரத்தையும் கோட்டில் நிரப்பிவிடுகிறது, அதனால் பெரிய தொல்லை இல்லை. வியர்வையில் ஓரம் பிய்ந்துகொண்டு வரும், மேலே ஒட்டுகிற பிளாஸ்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் தரமாட்டார்கள்.

இனி குறை. ஆறாம் நாள் ராத்திரி 2:40க்கு என் போன் கத்தியது. சுகர் 61க்கு இறங்கிவிட்டதாம். அம்மாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கம்பெனி நம்பருக்கு அடித்தேன், 24 மணி நேரக் கண்காணிப்பு என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே. முதலில் இங்கிலீஷ், அப்புறம் இந்தி, கடைசியில் ஒரு பதிவுக் குரல், எங்கள் வேலை நேரம் காலை 9 முதல் இரவு 7 வரை. கண்காணிப்பது கம்ப்யூட்டராம், மனிதர்கள் பகலில்தானாம். வேறு வழியில்லாமல் அக்காவை எழுப்பினேன், அவர் போய்க் கதவைத் தட்டினால் அம்மா எழுந்து வந்து "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா?" என்கிறார். விரலைக் குத்திப் பார்த்தால் 118.

இப்படி மூன்று ராத்திரி. கடைசியில் அந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார். "சார், அம்மா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்களா?" ஆமாம், பேட்ச் ஒட்டியிருந்ததும் இடது கைதான். உடம்பு அழுத்தும்போது அந்த இடத்தில் நீர் சரியாக ஓடாது, நம்பர் பொய்யாக இறங்கிவிடும். கோட்டைப் பார்த்தாலே தெரியும் என்றார், கிணறு மாதிரி சடாரென்று இறங்கி, புரண்டு படுத்ததும் சடாரென்று ஏறியிருக்கும். அம்மாவுடைய கோடு அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. முதல் நாள் ஒட்டும்போதே இதைக் கேட்டிருக்கலாம் இல்லையா? ஒட்டிவிட்டுப் போன பையன் கேட்டது ஓடிபி மட்டும்தான்.

இரண்டாவது பேட்சை வலது கையில் ஒட்டினோம், பொய் அலாரம் நின்றது. ஆனால் முதல் பேட்ச் கத்திய கத்தலில் நான் போன் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன், அது என் தப்பு. இரண்டாவது பேட்ச் ஒட்டிய ஒன்பதாம் நாள் ராத்திரி என் மனைவிதான் எழுப்பினாள், மணி 3:10, நம்பர் 54. இந்த முறை கிணறு இல்லை, 1 மணியில் இருந்து சரிவாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது. மறுபடியும் அக்கா. அம்மா நைட்டி தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாராம், புழுக்கம் என்று நினைத்து ஃபேனைக் கூட்டிவைத்திருக்கிறார். குத்திப் பார்த்தால் 57. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தியதில் 84, அப்புறம் இரண்டு பிஸ்கட். கம்பெனியில் இருந்து காலை 9:20க்கு ஒரு மெயில் வந்தது, இங்கிலீஷில், உங்கள் அளவு குறைவாக உள்ளது, மருத்துவரை அணுகவும். அந்த மெயிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

14 நாள் கோட்டையும் பிரிண்ட் போட்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓபிக்கு எடுத்துக்கொண்டு போனோம், மாத்திரை, இன்சுலின் எல்லாம் அங்கேதான். டாக்டர் இரண்டே நிமிடம்தான் பார்த்தார். இங்கே வந்தால் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று என்றுதான் பார்க்கிறோம், ராத்திரி 3 மணி யாருக்கும் தெரிவதில்லை, மார்கழியில் விழுந்ததும் ராத்திரியில் இப்படி சுகர் இறங்கியதால்தான் இருக்கும் என்று சொல்லி, ராத்திரி இன்சுலினை 16 யூனிட்டில் இருந்து 12 ஆக்கினார். இதைப் படித்துவிட்டு நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்.

பிரஷர் மிஷின் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, வாயைத் திறக்காமல் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். பேசிக்கொண்டே எடுத்தால் 158, பேசாமல் எடுத்தால் 138.

இன்னொன்று, பேக்கேஜ் முடிகிற சமயத்தில் என் மச்சான் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் ரூ.1,400க்கு ஒரு வாட்ச் வாங்கி வந்தான், குத்தாமலே சுகர், பிரஷர் எல்லாம் காட்டுமாம். சுருட்டிய துண்டில் கட்டிப் பார்த்தோம். துண்டுக்கு சுகர் 104, பிரஷர் 121/79, என்னைவிட ஆரோக்கியம். தோலைத் துளைக்காமல் சுகர் அளப்பதாகச் சொல்கிற வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை, நம்பி வாங்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது.

அம்மாவைக் கேட்டால் இந்த பேக்கேஜுக்கு மார்க் போடமாட்டார். 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணைத்தான் பிடிக்கும் அவருக்கு. "அந்தப் பொண்ணு உக்காந்து டீ குடிச்சிட்டுப் போவும், இவனுங்க மெயிலு போடுறானுங்க."

நான் பேக்கேஜைப் புதுப்பிக்கவில்லை. பேட்ச் மட்டும் மெடிக்கலில் தனியாக வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஓபி தேதிக்கு முந்தைய இரண்டு வாரம் ஒட்டலாம் என்று முடிவு. அந்த இரண்டு வாரமும் அக்காவிடம் சாவி ஒன்று, என் போனில் சத்தம் முழுசாக, பேட்ச் வலது கையில்.